வேப் காயிலைத் தடிமனாகச் சுற்றியும் ஆவி கூடவில்லை, எங்கே தப்பு?

வைண்டிங்காரர்

எல்லாருக்கும் வணக்கம். பல மாதமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இப்போதுதான் முதல் தடவையாக ஒரு கேள்வியோடு வருகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். விவரம் சொல்லாமல் கேட்டால் நீங்களும் குத்துமதிப்பாகத்தான் பதில் சொல்ல முடியும்.

எனக்குத் தொழில் மோட்டார் வைண்டிங். இருபத்திரண்டு வருடமாக எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுக்கிறேன். நாளுக்கு ஒரு பாக்கெட்டுக்கு மேல் சிகரெட் பிடித்தவன், வேப், அதாவது மின்சிகரெட், எடுத்த நாளிலிருந்து ஒன்றுகூடத் தொடவில்லை. ஒன்றரை வருடம் ஆகிறது. அதனால் இந்தச் சின்னக் கருவி மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. அதைச் சரியாகக் கையாளத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இவ்வளவு நாளும் ஒற்றைக் காயில் டேங்க், அதாவது லிக்விடைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச்சுருள் ஒன்று மட்டும். 28 கேஜ் காந்தல் என்ற ஹீட்டர் கம்பியை 2.5 மி.மீ. கம்பியாணி மேல் 8 சுற்றுச் சுற்றுவேன். மோட் (பேட்டரியும் சர்க்யூட்டும் உள்ள பெட்டி) 1.45 ஓம் காட்டும். 14 வாட்டில் வைத்து இழுப்பேன். ருசி நன்றாக இருக்கும், ஆனால் ஆவி மெல்லிசு. வாய் நிறையும், நெஞ்சு நிறையாது. சிகரெட்டை ஆழமாக இழுத்துப் பழகிய எனக்கு அந்தக் குறை இருந்துகொண்டே இருந்தது.

போன வாரம் இரட்டைக் காயில் போடுகிற ஆர்.டி.ஏ. (நாமே காயில் கட்டி லிக்விட் சொட்டுகிற மேல்பாகம்) ஒன்று வாங்கினேன். கூடவே 22 கேஜ் காந்தல் ஒரு சுருள். தடித்த கம்பி, குறைந்த ஓம், நிறைய கரண்ட், நிறைய ஆவி. இதுதான் என் கணக்கு. 3.5 மி.மீ. ஆணியில் ஆளுக்கு 7 சுற்று, இரண்டும் இம்மி பிசகாமல் ஒரே மாதிரி. சுற்றுகிற வேலையில் மட்டும் எனக்கு யாரும் குறை சொல்ல முடியாது. மாட்டி, பஞ்சு வைத்து, லிக்விட் சொட்டி 40 வாட்டில் பட்டனை அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடித்த பிறகுதான் 'ஸ்ஸ்' என்ற சத்தமே வருகிறது. வந்த ஆவியும் வெதுவெதுப்பாக, பழைய காயிலைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். சரி, வாட்டை ஏற்றிப் பார்ப்போம் என்று 75-க்குக் கொண்டுபோனேன். முதல் இழுப்பு அருமை. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் தொண்டையில் சுருக்கென்று ஒரு கருகல். திறந்து பார்த்தால் காயிலுக்குள்ளே பஞ்சு பழுப்பாகிவிட்டது. வெளியே தொங்கும் வால் இன்னும் ஈரமாகவே இருக்கிறது.

இதோடு இன்னும் மூன்று சந்தேகம். கம்பிக் கணக்குப்படி எனக்கு 0.19 ஓம் வரவேண்டும், மோட் 0.23 காட்டுகிறது. இரண்டு முனையையும் மாற்றி மாற்றி இறுக்கிப் பார்த்துவிட்டேன், அசையவில்லை. அடுத்தது, 75 வாட்டில் இழுக்கும்போது மோட் உள்ளங்கையில் சுடுகிறது. அதில் இருப்பது ஒரே ஒரு 18650 பேட்டரி, உறையில் 40 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. கடைசியாக, என் தொழிலில் ஒரு சுற்று பக்கத்துச் சுற்றைத் தொட்டால் அது ஷார்ட், மோட்டார் போச்சு. இங்கே எல்லாரும் சுற்றுகளை ஒட்ட வைக்கச் சொல்கிறீர்கள். கரண்ட் குறுக்கே பாயாதா?

ஒவ்வொன்றாகச் சொன்னாலும் போதும்.

மீட்டர்முள்

அண்ணா, வணக்கம். நான் எலெக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் பார்க்கிறவள். இவ்வளவு தெளிவாக யாரும் கேட்பதில்லை, அதனால் பதில் சொல்வதும் சுலபம்.

முதலில் அந்த 0.19, 0.23 விவகாரம். நீங்கள் 22 கேஜை எந்த அட்டவணையில் பார்த்தீர்கள்? மோட்டார் வைண்டிங் என்கிறீர்கள், அப்படியென்றால் உங்கள் சுவரில் தொங்குவது எஸ்.டபிள்யூ.ஜி. என்கிற பிரிட்டிஷ் கம்பி அளவு அட்டவணையாக இருக்கும். அதில் 22 என்றால் 0.711 மி.மீ. வேப் கம்பி விற்கிறவர்கள் போடுவது அமெரிக்க அளவான ஏ.டபிள்யூ.ஜி. அதில் 22 என்றால் 0.644 மி.மீ.தான். மைக்ரோமீட்டர் கையில் இருக்கும், ஒரு தடவை வைத்துப் பாருங்கள். காந்தல் ஏ1 ஒரு மீட்டருக்கு, ஒரு சதுர மி.மீ. குறுக்குவெட்டுக்கு 1.45 ஓம். அந்த 0.644 கம்பி மீட்டருக்கு 4.45 ஓம் வரும். உங்கள் ஒரு காயிலில் சுற்றும் கால்களும் சேர்த்து 103 மி.மீ. கம்பி இருக்கும். 0.46 ஓம். இரண்டு இணையாக நிற்பதால் பாதி, 0.23. மோட் சொல்வது சரி, உங்கள் சுற்றும் சரி. அட்டவணைதான் வேறு.

இப்போது பெரிய விஷயம். 'ஓம் குறைந்தால் கரண்ட் கூடும்' என்று நீங்கள் நினைத்தது மெயின்ஸில் ஓடும் மோட்டாருக்குப் பொருந்தும். அங்கே வோல்ட்டேஜ் மாறாமல் நிற்கிறது, சுமைக்குத் தக்கபடி கரண்ட் ஏறுகிறது. சிப் இல்லாத மெக்கானிக்கல் மோடிலும் அப்படித்தான். ஆனால் உங்கள் கையில் இருப்பது வாட் செட் பண்ணுகிற மோட். 40 என்று வைத்தால் 0.23 ஓமுக்கும் 40 வாட், 1.45 ஓமுக்கும் 40 வாட். அதற்குத் தேவையான வோல்ட்டேஜை உள்ளே இருக்கும் சர்க்யூட்டே ஏற்றி இறக்கிக்கொள்கிறது. ஆக, ஓமைக் குறைத்ததால் உங்களுக்கு ஒரு வாட்கூடக் கூடவில்லை. கூடியது இரும்பு மட்டும்தான்.

அந்த இரும்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய 28 கேஜ் காயிலில் கம்பி மொத்தம் சுமார் 47 மில்லிகிராம். புது இரட்டைக் காயிலில் சுமார் 475 மில்லிகிராம். பத்து மடங்கு உலோகம்! வாட்டை நீங்கள் ஏற்றியதோ 14-லிருந்து 40-க்கு, மூன்று மடங்குகூட இல்லை. 250 டிகிரி சூடேற பழைய காயிலுக்கு ஐந்தரை ஜூல் போதும், 14 வாட்டில் அரை வினாடிக்குள் முடிந்துவிடும். புதியதற்கு 55 ஜூல் வேண்டும். லிக்விடை எண்ணாமல் வெறும் கம்பியை மட்டும் பார்த்தாலே 40 வாட்டில் கிட்டத்தட்ட ஒன்றரை வினாடி. கூடவே பஞ்சிலிருக்கும் லிக்விடும் சூட்டைக் குடிக்கிறது அல்லவா. நீங்கள் எண்ணிய ஒன்று, இரண்டு, மூன்று அதுதான்.

இன்னொரு வழியிலும் பார்க்கலாம். லிக்விட் கொதிப்பது கம்பியின் மேற்பரப்பில். பழைய காயிலின் மேற்பரப்பு 71 சதுர மி.மீ., 14 வாட். சதுர மி.மீ.க்கு 196 மில்லிவாட். புதியதற்கு 369 சதுர மி.மீ., 40 வாட். வெறும் 108 மில்லிவாட். மேற்பரப்பு ஐந்து மடங்கானதற்கு ஏற்ற சூட்டை நீங்கள் கொடுக்கவே இல்லை. வெதுவெதுப்பாக வந்ததற்குக் காரணம் இதுதான். புரொப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரியில் கொதித்துவிடும், ஆனால் அடர்ந்த ஆவியைத் தரும் கிளிசரினுக்கு 290 வேண்டும். சூடு பற்றாத காயிலில் கிளிசரின் எழும்பாது.

சுற்றுகள் தொடும் சந்தேகம்: நியாயமான கேள்வி. உங்கள் செம்புக் கம்பிக்கு எனாமல் எப்படியோ, காந்தலுக்கு அதன் மேலே படியும் அலுமினியம் ஆக்சைடு அப்படி. காந்தல் என்பது இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த உலோகம். பழுக்கச் சூடாக்கும்போது அலுமினியம் மேலே வந்து மெல்லிய ஆக்சைடு தோலாகப் படிகிறது. அந்தத் தோல் கரண்ட்டைக் கடத்தாது. அதனால்தான் புதுக் காயிலைப் பஞ்சு வைக்கும் முன் குறைந்த வாட்டில் பட்டனை விட்டு விட்டு அழுத்திச் சிவக்க வைக்கச் சொல்கிறோம். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவக்கும். அந்த இடங்களில் சுற்றுகள் இன்னும் ஷார்ட். பட்டனை விட்டுவிட்டு, பீங்கான் முனை ட்வீசரால் மெல்ல அழுத்தி, நீவி, மறுபடி சிவக்க வையுங்கள். நடுவில் தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் சமமாகப் பரவினால் முடிந்தது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். பட்டறையில் கிடக்கும் எனாமல் செம்புக் கம்பியை எந்தக் காரணத்துக்காகவும் இதில் போட்டுப் பார்க்காதீர்கள். அந்த வார்னிஷ் கருகி வரும் புகையின் வாடை உங்களுக்கே தெரியும்.

பேட்டரி பற்றி வேறு யாராவது எழுதுவார்கள். எழுதாவிட்டால் நானே வருகிறேன்.

ஈரப்பஞ்சு

மேலே சகோதரி சொன்னதில் ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டாம். நான் பஞ்சைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் 75 வாட்டில் கருகியதற்குக் காயில் காரணமே இல்லை. 369 சதுர மி.மீ. பரப்புக்கு 75 வாட் என்பது சதுர மி.மீ.க்கு 203 மில்லிவாட்தான், சாதாரணச் சூடு. 'உள்ளே பழுப்பு, வெளியே வால் ஈரம்' என்று நீங்கள் எழுதிய ஒரு வரியிலேயே விடை இருக்கிறது. வெளியே இருக்கும் ஈரம் உள்ளே போக வழியில்லை. இறுக்கிவிட்டீர்கள்.

மோட்டாரில் ஸ்லாட்டுக்குள் இன்சுலேஷன் பேப்பரும் கம்பியும் அசையாமல் இறுக்கமாக நிற்க வேண்டும், இல்லையா? அந்தக் கை உங்களுக்கு. பஞ்சுக்கு அந்தக் கை ஆகாது. நான் செய்வதைச் சொல்கிறேன், அப்படியே செய்து பாருங்கள்.

பஞ்சுப் பட்டையிலிருந்து நார் போகும் திசையில் ஒரு கீற்று கிழியுங்கள். மேல்தோல் மாதிரி மொடமொடப்பாக ஒன்று இருந்தால் உரித்துவிடுங்கள். ஒரு முனையை மட்டும் ஊசி போல முறுக்கிக் காயிலுக்குள் விட்டு இழுங்கள். இழுக்கும்போது காயில் லேசாக உங்கள் பக்கம் சாய வேண்டும், ஆனால் உருக்குலையக் கூடாது. காயில் அசையவே இல்லை என்றால் பஞ்சு போதாது. காலியான இடத்தில் கம்பி வறண்டு எரியும். இழுக்கவே முடியாமல் காயில் முன்னால் வந்து வளைந்தால் அதிகம். உலர்ந்த பஞ்சு லிக்விட் குடித்ததும் உப்பும் என்பதை மறக்காதீர்கள். உலர்ந்திருக்கும்போதே இறுக்கமாக இருப்பது நனைந்ததும் கல் மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் வால். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வாலை டெக்கின் (காயில் மாட்டும் தளத்தின்) தரை தொடும் அளவுக்கு வெட்டிவிட்டு, நுனியைச் சீப்பு வாரியது போலக் கலைத்து, தாடியை ஒதுக்குவது போலப் பாதி நாரை எடுத்துவிடுங்கள். காயிலுக்குள் நிறைவாகவும் வாலில் நெகிழ்வாகவும் இருக்க வேண்டும். பிறகு ட்வீசர் நுனியால் மெல்லக் கீழே இறக்கிக் லிக்விட் தேங்கும் கிணற்றில் உட்கார வையுங்கள், குத்தித் திணிக்க வேண்டாம். காயிலுக்கு நேர் கீழே காற்று வரும் பாதையைப் பஞ்சு மறைக்கவே கூடாது. லிக்விடை வாலில் சொட்டுங்கள். அது தானாக ஏறிக் காயிலுக்குள் நிறம் மாறி வருவது கண்ணுக்குத் தெரியும். பஞ்சு உயிரோடு இருப்பது போலத் தோன்றும் அந்தக் கணம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

கிளிசரின் 70 பங்கு இருக்கும் லிக்விட் கெட்டி, மெதுவாகத்தான் ஏறும். அதனால் ஒரு இழுப்புக்கும் அடுத்ததற்கும் கொஞ்சம் இடைவெளி கொடுங்கள். கருகல் லேசாகத் தெரிந்தாலே நிறுத்திவிடுங்கள், 'இன்னொன்று பார்ப்போம்' வேண்டாம். வறண்ட காயிலில் கிளிசரின் உடைந்து அக்ரோலின் உண்டாகிறது, ஃபார்மால்டிஹைடும் வரும். தொண்டையில் சுருக்கென்று பிடித்தது சும்மா இல்லை.

காயில் நிற்கும் உயரத்தையும் பாருங்கள். காற்றோட்டைக்கு நேராக, காயிலின் அடிப்பக்கம் காற்று தழுவிப் போகிற உயரத்தில் இருக்கட்டும். அரை மி.மீ. ஏற்றி இறக்கினாலே ஆவியில் வித்தியாசம் தெரியும்.

முறுக்குக்கம்பி

எல்லாரும் ஒற்றைக் கம்பியிலேயே நிற்கிறீர்களே. ஆவிதான் வேண்டும் என்றால் கிளாப்டன் பக்கம் வரச் சொல்லலாமே? 26 கேஜ் நடுக்கம்பி, அதைச் சுற்றி 36 கேஜ். அந்த மெல்லிய சுற்றுகளுக்கு இடையே இருக்கும் பள்ளங்களில் லிக்விட் நிற்கும், மேற்பரப்பும் கூடும். இரண்டு நடுக்கம்பியை ஒட்டி வைத்துச் சுற்றினால் ஃப்யூஸ்டு கிளாப்டன். ருசிக்கு அதை அடிக்க ஆளில்லை. வைண்டிங் தெரிந்தவருக்கு அது கைவந்த கலையாக இருக்கும். ஸ்விவல் (சுழலும் கொக்கி) இரண்டும் ஒரு டிரில்லும் இருந்தால் ஒரு மணி நேரத்தில் இரண்டடி சுற்றிவிடலாம்.

மீட்டர்முள்

கிளாப்டன் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் இப்போது வேண்டாம் என்று நினைக்கிறேன். அதே 26 கேஜ் ஒற்றைக் கம்பியைவிடக் கிளாப்டனில் உலோகம் ரொம்பக் கூடும். ஒரே ஒரு பேட்டரியில் ஓடுகிற மோடில் அவருடைய பிரச்சினையே உலோகம் அதிகமானதுதான். இரட்டைப் பேட்டரி மோட் வாங்கிய பிறகு தாராளமாகப் போகட்டும்.

அண்ணா, இப்போதைக்கு நீங்கள் 26 கேஜ் நிக்ரோம் 80 எடுங்கள். 80 பங்கு நிக்கல், 20 பங்கு குரோமியம். காந்தலைவிட மின்தடை குறைவு, அதனால் மெல்லிய கம்பியிலேயே குறைந்த ஓம் கிடைக்கும், சீக்கிரம் சூடேறும். நிக்கல் அலர்ஜி இருந்தால் மட்டும் தவிர்த்துவிடுங்கள். 3 மி.மீ. ஆணி, ஆளுக்கு 6 சுற்று, இரட்டைக் காயில். எனக்கு 0.31 ஓம் வருகிறது. உலோகம் 160 மில்லிகிராமுக்குள்தான், உங்கள் இப்போதைய காயிலில் மூன்றில் ஒரு பங்கு. 40 வாட்டில் சதுர மி.மீ.க்கு 245 மில்லிவாட் கிடைக்கும். நிக்ரோம் காந்தலைவிடக் குறைந்த சூட்டில் உருகும், அதனால் சிவக்க வைக்கும்போது மங்கலான செம்மையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிதானம்

ஐயா, பேட்டரி பற்றிச் சொல்லத்தான் வந்தேன். மற்றதெல்லாம் மெதுவாகக் கற்கலாம், இது மட்டும் இன்றைக்கே.

18650 உறையில் 40 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அந்த எண்ணை நம்பி எதையும் செய்யாதீர்கள். பெரும்பாலும் அது சில வினாடி மட்டும் தாங்குகிற பல்ஸ் அளவு, அல்லது வேறு யாரோ செய்த செல்லுக்குப் புது உறை போட்டு எழுதியது. நமக்கு வேண்டியது தொடர்ந்து தாங்குகிற அளவு. சாம்சங் 25ஆர் கொள்ளளவு 2500 எம்.ஏ.எச்., தொடர்ந்து 20 ஆம்பியர். எல்ஜி எச்.ஜி.2 3000 எம்.ஏ.எச்., 20 ஆம்பியர். சோனி வி.டி.சி.5ஏ 2600 எம்.ஏ.எச்., 25 ஆம்பியர். நல்ல கம்பெனிகளின் இந்த மூன்று செல்லின் அளவே இந்த வட்டத்தில்தான் இருக்கிறது. இந்த அளவுச் செல்லில் மிக உயர்ந்த கொள்ளளவும் 40 ஆம்பியரும் சேர்ந்தே கிடைக்கும் என்று உறை சொன்னால் ஏதோ சரியில்லை.

உங்கள் கணக்கைப் போடுங்கள். வாட் மோடில் பேட்டரி இறங்க இறங்க அது இழுக்கும் கரண்ட் கூடும். ஏனென்றால் வாட் மாறாது, வோல்ட்டேஜ் குறைகிறது. 3.2 வோல்ட்டில் நிற்கும் பேட்டரியிலிருந்து 75 வாட் எடுக்க, சர்க்யூட்டில் பத்துச் சதவீதம் வீணாவதையும் சேர்த்தால் 26 ஆம்பியர். உங்கள் செல் 20 ஆம்பியர் தாங்கும் என்றே வைத்தாலும் அதனிடம் 26 கேட்டிருக்கிறீர்கள். உள்ளங்கையில் சுட்டது அந்தச் செல்லின் முனகல். 40 வாட் என்றால் 14 ஆம்பியர்தான், நிம்மதி. தங்கை சொன்ன காயில் உங்கள் மோடுக்கு ஏற்றதாக இருப்பதும் இதனால்தான்.

உறை கிழிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள், முக்கியமாக நேர்முனையின் விளிம்பில். 18650-இன் உடம்பு முழுக்க எதிர்முனை. மேலே ஓரத்தில் நகக்கண் அளவு உறை பெயர்ந்தாலும் அங்கே ஷார்ட் ஆகலாம். சாவி, சில்லறையோடு சட்டைப்பையில் போடவே போடாதீர்கள். தனி டப்பாவில் வையுங்கள். காயிலின் கால்களை வெட்டும்போது முனை கொஞ்சமும் நீட்டிக்கொண்டு மூடியின் சுவரைத் தொடக்கூடாது. ஒவ்வொரு தடவையும் மூடி போட்ட பிறகு ஓமை மறுபடி பாருங்கள், எண் குதித்தால் பட்டனைத் தொடாதீர்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். லிக்விடில் நிக்கோட்டின் எவ்வளவு?

வைண்டிங்காரர்

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நான்கு நாள் கழித்து எழுதுகிறேன், எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

மைக்ரோமீட்டர் 0.64 காட்டியது, தங்கச்சி. அந்த எண்ணைப் பார்த்ததும் கையிலிருந்த சுருளையும் சுவரிலிருந்த அட்டவணையையும் ரொம்ப நேரம் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அட்டவணைக்குப் பக்கத்திலேயே ஏ.டபிள்யூ.ஜி. அளவுகளையும் கையால் எழுதி ஒட்டிவிட்டேன்: 22 என்றால் 0.644, 24 என்றால் 0.511, 26 என்றால் 0.405, 28 என்றால் 0.321.

நிதானம் ஐயா, நீங்கள் கேட்டதைச் சொல்கிறேன். ஒரு மில்லிக்கு 12 மில்லிகிராம். சின்ன டேங்கில் ஊற்றியதையே இதிலும் ஊற்றியிருந்தேன். 75 வாட்டில் இழுத்த அன்றைக்குத் தலை கிறுகிறுத்து, வயிற்றைப் புரட்டி, விக்கல் வந்தது. கருகல் நாற்றத்தால் என்றுதான் நினைத்தேன். நீங்கள் கேட்ட பிறகுதான் உறைத்தது. ஆவி நாலு மடங்கு என்றால் நிக்கோட்டினும் நாலு மடங்குதானே உள்ளே போகும்! 3 மில்லிகிராமுக்கு மாறிவிட்டேன். இப்போது ஒன்றுமில்லை.

பேட்டரியையும் எடுத்துப் பார்த்தேன். நேர்முனை ஓரத்தில் உறை சுருங்கிப் பின்வாங்கி, நூல் கனத்துக்கு உலோகம் தெரிந்தது. அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன், மறுசுழற்சிக்குக் கொடுக்கப் போகிறேன். 25ஆர் இரண்டு வாங்கியாயிற்று, டப்பாவோடு.

காயில் தங்கச்சி சொன்ன அளவிலேயே. மோட் 0.31 காட்டியது, அச்சாக. முதல் சிவப்பில் இடது காயிலின் ஓரச் சுற்று ஒன்று மட்டும் முந்திக்கொண்டு சிவந்தது. நீவிவிட்டேன், மறுபடி அதேதான். இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சந்தேகப்பட்டுத் திருகைத் தொட்டால், கால் திருகுக்கு அடியில் சரியாக உட்காரவில்லை. தளர்த்தி உட்கார வைத்து இறுக்கியதும் இரண்டு காயிலும் நடுவிலிருந்து ஒரே சமயத்தில் சிவந்து வெளியே பரவின. மோட்டாரைச் சுற்றி முடித்து முதல் தடவை ஓட்டும்போது சத்தம் சீராக வந்தால் ஒரு நிம்மதி வருமே, அதே நிம்மதி.

பஞ்சில்தான் பாடுபட்டேன். மூன்று தடவை வைத்து, மூன்று தடவை பிடுங்கினேன். என் கை தானாகவே இறுக்குகிறது, ஈரப்பஞ்சு நண்பரே, நீங்கள் சொன்னது சரி. நான்காவது தடவை கண்ணை மூடிக்கொண்டு, காயில் சாய்வதை விரலில் உணர்ந்து இழுத்தேன். வாலில் பாதியை ஒதுக்கினேன். லிக்விட் சொட்டியதும் வெள்ளைப் பஞ்சு கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவிக்கொண்டே கீழிருந்து மேலே வந்தது. நீங்கள் சொன்ன கணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

40 வாட். பட்டனை அழுத்தியதும் சத்தம். எண்ண நேரமில்லை. மெதுவாக, நீளமாக இழுத்தேன், நெஞ்சு நிறைந்தது. விட்ட ஆவி மேசை விளக்குக்கு முன்னால் அப்படியே தொங்கிக்கொண்டு நின்றது. பத்து இழுப்பு வரை கருகல் இல்லை. மோட் சுடவில்லை.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. மூன்றாம் நாள் காயில் மேல் கறுப்பாகப் பிசின் மாதிரி படிந்திருக்கிறது. கம்பி போய்விட்டதா, கழுவினால் போதுமா?

ஈரப்பஞ்சு

கம்பிக்கு ஒன்றுமில்லை. இனிப்புச் சேர்த்த லிக்விட் என்றால் இப்படித்தான், சுக்ரலோஸ் சூட்டில் கருகி ஒட்டிக்கொள்ளும். பஞ்சை எடுத்துவிட்டு, குறைந்த வாட்டில் பட்டனை விட்டு விட்டு அழுத்தி மங்கலாகச் சிவக்க வையுங்கள், கருப்பு சாம்பலாகிவிடும். நன்றாக ஆறட்டும். சூட்டோடு தண்ணீரில் காட்டாதீர்கள், அவசரப்பட வேண்டாம். ஆறிய பிறகு ஆர்.டி.ஏ.யை மோடிலிருந்து கழற்றி, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். புதுப் பஞ்சு. ஓம் அதே 0.31 காட்டினால் அந்தக் காயிலை இன்னும் பல வாரம் ஓட்டலாம். இனிப்புக் குறைந்த லிக்விடாகப் பார்த்தால் மூன்று நாள் என்பது பத்து நாளாகும்.

வைண்டிங்காரர்

0.31-தான் காட்டுகிறது. பஞ்சு முதல் தடவையிலேயே சரியாக உட்கார்ந்தது.